வச்சாச்சு

அக்காவுக்குப் பயப்படத் தெரிந்த அளவுக்கு வேறெதுவும் தெரியாது என்று தம்பி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அபாண்டம். அவளுக்கு வெல்டிங்கும் தெரியும்.

இருவரும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. எஞ்சின், வயரிங் எல்லாம் தம்பி. இரும்பை இரும்போடு சேர்ப்பதெல்லாம் அக்கா. வருகிறவர்கள் அவளை வெல்டர் அக்கா என்றார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. அவளும் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுக் கிளம்புவாள், தெருமுனைவரை போவாள், திரும்பி வந்து மறுபடி மூடுவாள். மூடினதை எப்படிக்கா மூடுவே என்று தம்பி கேட்பான். ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் அவன் படுத்தால், இவள் வேலையைப் போட்டுவிட்டு வந்து ஜாக்கியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். முறைச்சுப் பார்த்தா அது பயந்து விழாம நிக்கும், இல்லியா என்பான் அவன் அடியிலிருந்து. அவளுக்குக் கோபம் வரும். ஆனால் நகரமாட்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அம்மா கண்ணை மூடியபோது தம்பிக்குப் பால்பல்கூட முழுசாக விழவில்லை. அப்பா வேலைக்காக வெளியூர் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். தலை துவட்டிவிட்டது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, பள்ளிக்கூடத்தில் போய்த் திட்டு வாங்கியது எல்லாம் அவள்தான். இன்றைக்கு அவன் அவளைவிட ஒரு முழம் உயரம். இருந்தும் சாலையைக் கடக்கும்போது அவள் கை தானாக அவன் சட்டையைப் பிடிக்கும். அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவன். அதை அவள் ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை, திட்டியதோடு சரி.

அந்தச் சிவப்புக் கார் வந்த நாளிலிருந்தே அவளுக்கு அதைப் பிடிக்கவில்லை.

கார் பல் டாக்டருடையது. தாழ்வான உடம்பு, நீள மூக்கு, இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. டாக்டர் பிறப்பதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த கார். அவர் கைக்கு வந்தபிறகு ஓடியதைவிடத் தள்ளப்பட்டதுதான் அதிகம். கடைசியில் ஒருநாள் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்து, "உடம்பு இதுவே இருக்கட்டும் தம்பி, இதயத்தை மட்டும் மாத்திடுங்க" என்றார். பல் பிடுங்குகிறவர் இதயத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று தம்பி அவர் போனபிறகு சிரித்துத் தீர்த்தான். சிரித்தானே தவிர, அன்றைக்கே வேலையில் இறங்கிவிட்டான். பின்னால் லாரி மோதி நசுங்கிய ஒரு புதுக் காரிலிருந்து, சிராய்ப்புகூடப் படாத எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வந்தான். பழைய எஞ்சினைப் போல இரண்டு பங்கு இழுவை.

"அந்தக் காலத்து இரும்புச் சட்டம், அந்தக் காலத்து பிரேக், அதுல இந்தக் காலத்து எஞ்சினா?" என்றாள் அக்கா.

"அதுக்குத்தானே நீ இருக்கே. சட்டத்தை நீ பலப்படுத்து, பிரேக்கை நான் மாத்தறேன்."

"வேண்டாம்டா. கைகால் நடுங்குற கிழவருக்கு இருபது வயசுப் பையனோட தொடையை வச்சுத் தைக்கிற மாதிரி இருக்கு."

"வச்சுட்டா ஓடுவாருல்ல?" என்றான் தம்பி. அவனிடம் யார் பேசுவது?

எஞ்சின் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் காரின் சட்டத்தில் தடித்த இரும்புத் தாங்கி செய்து வைத்து, அதன்மேல் எஞ்சினை இறக்கினார்கள். அக்கா மெனக்கெட்டுச் செய்த வேலை. இடப்பக்கம் எந்தத் தொந்தரவும் இல்லை. வலப்பக்கம்தான் வம்பு. அந்தப் பக்கம் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஸ்டியரிங் தண்டு ஓடுகிறது. புது எஞ்சினின் புகைக்குழாய் அந்தத் தண்டை உரசியது. விரல் நுழைகிற இடமாவது வேண்டும். அதனால் வலப்பக்கத் தாங்கியை வெட்டி எடுத்து, எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி, மறுபடி பொருத்த வேண்டியதாயிற்று.

இங்கே அந்தப் பட்டறையின் பேச்சைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு இரும்பை அதன் இடத்தில் நிறுத்திப் பார்க்க, முதலில் மூலைக்கு ஒரு சொட்டு வெல்ட் மட்டும் வைப்பார்கள். அளவு சரியாக வந்தால் அதன்பிறகு விளிம்பு முழுக்க ஓட்டி ஒன்றாக்குவார்கள். முதலாவதற்கு அங்கே பொட்டு வைப்பது என்று பேர். இரண்டாவது பத்த வைப்பது. பொட்டு நிச்சயதார்த்தம், பத்த வைக்கிறதுதான் கல்யாணம் என்பான் தம்பி. நிச்சயம் எப்போது வேண்டுமானாலும் உடையலாம் என்பதுதான் அதிலுள்ள விஷயம்.

அன்று காலை அக்கா காருக்கு அடியில் படுத்து, வலப்பக்கத் தாங்கியின் மூலைகளில் பொட்டு வைத்தாள். கடைசிப் பொட்டில் வெல்ட் பொரிந்து நுரைத்தது. கேஸ் தீர்ந்துவிட்டது. சலித்துக்கொண்டே வெளியே வந்து முகமூடியைத் தூக்கினாள். தம்பி அந்தப் பக்கம் கிரைண்டரில் ஒரு குழாயை அறுத்துக்கொண்டிருந்தான், நெருப்புப் பொறி சிதறியது, காது கிழிகிற சத்தம். அவன் கிரைண்டரை நிறுத்தாமலே தலையை மட்டும் தூக்கிக் கத்தினான்.

"பொட்டு வச்சாச்சா?"

"வச்சாச்சு!" என்று இவளும் கத்தினாள். "கேஸ் தீந்துபோச்சு, மாத்திக்கிட்டு வந்துடறேன்!"

அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குனிந்துகொண்டான். அவள் காலி சிலிண்டரை வேனில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, அவிழ்த்து, இன்னொரு முறை கட்டிக்கொண்டு போனாள்.

கேஸ் கடையில் கூட்டம். பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் லாரியோடு வந்து நின்றுகொண்டு வழிவிடவில்லை. நிறைந்த சிலிண்டரோடு அவள் பட்டறைக்குத் திரும்பியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வேனை உள்ளே விட்டாள். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

பல் டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பல்.

"டாக்டர், வண்டி எங்கே?"

"தம்பி ஒரு ரவுண்டு எடுத்துட்டுப் போயிருக்கார். அடடா, நீங்க சத்தத்தைக் கேட்டிருக்கணும்! நான் அழுதுட்டேங்க, நிஜமா."

"எந்த வண்டியை?"

"என்னங்க, என் வண்டியைத்தான்."

அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இவர் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தாள். "அதை எடுக்க முடியாது டாக்டர். நான் இன்னும் பத்த வைக்கவே இல்லையே."

"வச்சாச்சுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே?" டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான்கூடக் கேட்டேன், அக்கா வந்துரட்டுமேன்னு. 'அவ வந்தா பயந்து பயந்தே காரியத்தைக் கெடுத்துருவா டாக்டர். பத்த வச்சாச்சான்னு கேட்டேன், வச்சாச்சுன்னுட்டா, அவ சொன்னா அது இரும்பு' அப்படின்னார். மேலேருந்தே கையை விட்டு அந்தத் தாங்கிக்குக் கறுப்புப் பெயிண்ட்கூட அடிச்சாரே. நான்தான் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

பத்த வச்சாச்சா.

அவன் கேட்டது பொட்டு இல்லை. பத்த. கிரைண்டர் ஓடுகிற இடத்தில் இரண்டும் ஒரே சத்தம்தான். அவள் கையில் பொட்டு இருந்தது, காதிலும் பொட்டுதான் விழுந்தது. வச்சாச்சு என்றாள். இரண்டு கேள்விக்கும் பொருந்துகிற பாழாய்ப்போன ஒரு பதில். கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொன்னது அவனுக்குக் கேட்டே இருக்காது.

அவன் குனிந்து ஒரு டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கமாட்டான். பட்டறையில் யார் வேலையையும் மூன்று தடவை சோதிப்பவன், அவள் வெல்டை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. அது அவன் அவளுக்குத் தருகிற மரியாதை. அந்த மரியாதையை நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் ஜில்லிட்டது.

"எந்தப் பக்கம் போனான்?"

"ஏரிக்கரை ரோடு. நேர் ரோடு முடிஞ்சு வளைவு வருமே, அங்கதான் இந்த வண்டியோட அழகு தெரியும்னார். வீடியோ எடுக்கறேன்னு போனைக்கூட முன்னாடி மாட்டிக்கிட்டார். ஏங்க, என்ன ஆச்சு?"

அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். விரல் இரண்டு முறை தவறான இடத்தைத் தொட்டது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு புயலுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு காற்றுச் சத்தம்.

"என்னக்கா!"

"தம்பி, நிறுத்துடா! அது பொட்டுடா! வெறும் பொட்டுதான்!"

"என்ன? பத்த வச்சதா? தெரியும்கா, பெயிண்டே அடிச்சாச்சு!"

"பத்த வைக்கலடா! பொட்டு! பொட்டு!"

"பத்த வச்சுட்டேதானே, அப்புறம் என்ன? ஒண்ணும் கேக்கல! காத்து! பயந்து சாகாதே, இதைக் கேளு, இதை மட்டும் கேளு!"

அவளுக்குக் காட்டுவதற்காக அவன் மிதித்தான். போனுக்குள் எஞ்சின் உறுமியது, உயர்ந்தது, இன்னும் உயர்ந்தது. அவன் சிரிப்பது நடுவில் கேட்டது. இணைப்பு போய்விட்டது.

அக்காவின் கண்ணுக்கு அந்தத் தாங்கி தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் அமுங்கும். காலை எடுத்தால் எதிர்ப்பக்கம் எழும்பும். அமுங்கும், எழும்பும். ஒவ்வொரு முறையும் பொட்டுகள் வளைந்து நிமிரும். கையால் கம்பியை மடக்கி நிமிர்த்தி மடக்கி நிமிர்த்தி முறிப்பார்களே, அதுதான். முறிந்தால் எஞ்சின் அப்படியே சாய்ந்து, விரல் இடைவெளியில் கீழே இருக்கிற ஸ்டியரிங் தண்டின்மேல் உட்காரும். பிறகு வண்டி திரும்பாது. அது வளைவாக இருந்தாலும் சரி, எதிரே லாரி வந்தாலும் சரி, பக்கத்தில் ஏரி இருந்தாலும் சரி.

மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. அக்கா நச்சரிக்கிறாள் என்று நினைத்திருப்பான். இத்தனை வருஷமாக அவள் அவனை நச்சரித்து வைத்த நச்சரிப்பெல்லாம் சேர்ந்து இப்போது அவன் காதை அடைத்துக்கொண்டிருந்தது.

வேனில் ஏறினாள். டாக்டரும் பின்னாலேயே ஓடிவந்து ஏறிக்கொண்டார். அவள் ஏறச் சொல்லவும் இல்லை, இறங்கச் சொல்லவும் இல்லை.

அவள் வேன் ஓட்டுகிற அழகு அந்தத் தெருவுக்கே தெரியும். மஞ்சள் விளக்கைப் பார்த்தாலே நின்றுவிடுவாள், பின்னால் இருப்பவன் திட்டிக்கொண்டு போவான். இன்று சிவப்பில் போனாள். ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே ஒதுங்கியது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார்.

"வண்டிக்கு எதுவும் ஆகிடாதே?" என்றார் கண்ணைத் திறந்து.

"வண்டியா?" என்று அவள் திரும்பிய வேகத்தில் வேனும் கொஞ்சம் திரும்பியது. "வண்டியைக் கேக்கறீங்களா நீங்க? என் தம்பி உள்ள இருக்கான்!"

"இல்லம்மா, தப்பா கேட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க. ரோட்டைப் பாருங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. பொட்டுன்னா என்ன?"

அவள் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு, பாதி வார்த்தையை முழுங்கிக்கொண்டு சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் வெளிறியது.

"எங்க தொழில்லயும் உண்டு. நிரந்தரமா மாட்டறதுக்கு முன்னாடி, அளவு பாக்கறதுக்காகச் சும்மா ஒட்டி வைப்போம். அந்தப் பல்லு மாதிரிதானே?"

"அதேதான்."

"அதுல எதையும் கடிக்கக் கூடாதே!"

"அவன் கடிச்சிக்கிட்டுதான் இருக்கான் டாக்டர்," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுதால் ரோடு தெரியாது என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

கடைகள் முடிந்து, கிடங்குகளின் நீளச் சுவர்கள் முடிந்து, மேம்பாலம் ஏறினார்கள். பாலத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் ஏரி முழுக்கத் தெரியும். நேர் ரோடு கரையைத் தொட்டதும் நீரை ஒட்டி வளைந்து வளைந்து போகும். வெகு தூரத்தில், நேர் ரோட்டில், ஒரு சிவப்புப் புள்ளி போய்க்கொண்டிருந்தது. எறும்பு மாதிரி இருந்தது. அது அத்தனை வேகமாகப் போகிறது என்பது இங்கிருந்தே தெரிந்தது.

"என் போன்ல கூப்பிடறேன்," என்றார் டாக்டர் திடீரென்று. "உங்க பேரைப் பாத்தாத்தான் எடுக்க மாட்டேங்கறார். என் பேரைப் பாத்தா எடுப்பார்."

அவளுக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. அவர் போட்டார். ஒரே மணியில் எடுத்தான்.

"டாக்டர்! பறக்குது டாக்டர்! இருங்க, வளைவு வரப்போகுது, அதுல விட்டுக் காட்டறேன்!"

டாக்டர் போனை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

கத்துவதற்கு அக்கா வாயைத் திறந்தாள். திறந்தவள் கத்தவில்லை. கத்தினால் சிரிப்பான். பொட்டு என்றால் பத்த என்று கேட்கும். நிறுத்து என்றால் பிரேக்கில் ஏறி நிற்பான், அந்த உதையிலேயே எல்லாம் முறியும். சட்டென்று காலை எடுத்தாலும் ஒரு உதை உண்டு. எந்தப் பக்கம் போனாலும் அவளே அவனை உடைத்துவிடுவாளோ என்று குலை நடுங்கியது. அந்த நடுக்கத்துக்குள்ளேயே நின்றுகொண்டு, சாப்பிட வா என்று கூப்பிடுகிற குரலில், அதைவிடவும் மெதுவாகப் பேசினாள்.

"தம்பி. கிளட்ச்சை மிதி. ஆக்ஸிலரேட்டர்லேருந்து காலை மெதுவா எடு. பிரேக் வேண்டாம். அப்படியே உருளட்டும்."

காற்று. வெறும் காற்று. அவன் சிரிப்பதற்காக அவள் காத்திருந்தாள்.

உறுமல் அடங்கியது.

"அக்கா?"

"ஆமா. கிளட்ச் மிதிச்சிருக்கியா?"

"மிதிச்சிருக்கேன். என்னக்கா?"

"காலை எடுத்துறாதே. வேகம் குறையுதா?"

"குறையுது. அக்கா, வளைவு வருது. என்னன்னு சொல்லேன்."

"குறையட்டும். ஒண்ணுமில்ல. நான் வந்துக்கிட்டு இருக்கேன்."

டங் என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. பாத்திரம் கவிழ்ந்ததுபோல இருந்தது. அதன்பிறகு அவன் குரல், அவள் பல வருஷமாகக் கேட்காத குரல், பால்பல் விழாத காலத்துக் குரல்.

"அக்கா, ஸ்டியரிங் திரும்ப மாட்டேங்குது. அக்கா..."

இணைப்பு போய்விட்டது.

டாக்டர் மறுபடி மறுபடி போட்டார், தொடர்பு கிடைக்கவில்லை. பாலம் இறங்கியதும் மரங்கள் மறைத்துக்கொண்டன, ஏரியும் தெரியவில்லை, ரோட்டின் முனையும் தெரியவில்லை. அக்கா வேண்டிக்கொள்ளக்கூட இல்லை. வேண்டுவதற்கு வார்த்தை வரவில்லை. நான் சொல்லித்தான் காலை எடுத்தான், நான் சொல்லித்தான் முறிந்தது என்று ஒன்று மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு சைக்கிள்காரர் ஒரு பரபரப்பும் இல்லாமல் வந்தார். அவர் முகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். எதுவும் இல்லை. அது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை.

ரோட்டில் கார் இல்லை.

ரோடு இடப்பக்கம் வளைந்து போனது. கார் வளையாமல் நேராகப் போயிருந்தது. ஓரத்து ஜல்லியைத் தாண்டி, புல்லைத் தாண்டி, கரைக் கற்களில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. முன்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர்தான். தம்பி உள்ளே உட்கார்ந்திருந்தான். தலை நிமிர்ந்திருந்தது. தலை நிமிர்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான் அக்கா மூச்சே விட்டாள்.

வேனை எப்படி நிறுத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. நடுரோட்டில் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினாள். ஓடிப்போய் முதலில் அவன் தோளில் பளீரென்று ஒரு அடி வைத்தாள். பிறகு அவன் முகத்தைத் தடவினாள், கழுத்தை, மார்பை, கையை. எங்கேயும் ரத்தம் இல்லை.

"அடி பட்டுதாடா? பேசுடா. எங்கேயாவது வலிக்குதா?"

அவன் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. இடக்கால் இன்னும் கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

டாக்டர் காரின் முன்மூடியைத் தூக்கினார். அக்கா எட்டிப் பார்த்தாள். புது எஞ்சின் ஒருக்களித்து, புகைக்குழாய் ஸ்டியரிங் தண்டின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. தாங்கி தனியாகத் தொங்கியது. கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது, நல்ல வேலைதான், எங்கேயும் வழியவில்லை. மூலைக்கு மூலை, சொட்டு விட்ட இடத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் புதிதாய் உடைந்த இரும்பு மின்னியது. ஒவ்வொன்றும் அவள் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. அவ்வளவின்மேல்தான் அவன் இத்தனை தூரம் வந்திருக்கிறான்.

"பொட்டா?" என்றான் தம்பி, திரும்பாமலே.

"பொட்டுதான்டா. பொட்டு வச்சாச்சான்னு நீ கேட்டதா நினைச்சு வச்சாச்சுன்னுட்டேன்."

"நான் பத்த வச்சாச்சான்னுல்ல கேட்டேன்."

"இப்போ தெரியுது."

அவன் தலையை மெதுவாக ஆட்டினான். "நான் பாத்திருக்கணும். குனிஞ்சு ஒரு தடவை பாத்திருந்தா போதும்."

"நானும்தான் உன் கிட்ட வந்து சொல்லிட்டுப் போயிருக்கணும். விடுடா. கையை எடு."

"எடுக்க வரலக்கா."

அவள் கதவுப்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து, அவன் விரல்களை ஸ்டியரிங்கிலிருந்து ஒன்றொன்றாகப் பிரித்தாள். கட்டையாக இருந்தன, சில்லென்று இருந்தன. டாக்டர் அந்தப் பக்கம் திரும்பி நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார், மூக்கை உறிஞ்சினார். அவர் காரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"முதல்ல நீ கத்தினப்போ நான் சிரிச்சேன்," என்றான் தம்பி. "எப்பவும் கத்தறதுதானேன்னு மறுபடி போனையும் எடுக்கல. ஆனா அப்புறம் பேசினே பாரு. அமைதியா. சும்மா வீட்ல பேசற மாதிரி. உன் குரல்ல பயமே இல்லக்கா."

"ம்."

"எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. ஏன் எதுக்குன்னு யோசிக்கவே இல்ல, கால் தானா கிளட்ச்சுக்குப் போயிருச்சு. அக்கா பயப்படலைன்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்னு தோணுச்சு."

அவளுக்கு இப்போதுதான் நடுக்கம் ஆரம்பித்தது. தோளில் தொடங்கி முழங்கால்வரை இறங்கியது, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அவன் கையை விடாமலே அந்தப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் கையும் அவள் கைக்குள் ஆடத் தொடங்கியது. யார் நடுக்கம் எது என்று பிரிக்க முடியவில்லை.

"அக்கா, பயமா இருக்கு," என்றான். வளர்ந்தபிறகு அவன் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

பயப்படாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இருக்கட்டும்டா," என்றாள். "எனக்கும்தான்."

இடக்காலை அவன் இன்னும் எடுக்கவில்லை. அவள் உள்ளே கைவிட்டு, அவன் கணுக்காலைப் பிடித்து, கிளட்ச்சிலிருந்து மெதுவாக இறக்கி வைத்தாள்.